மாற்றப் பட்டியலை வாங்குபவர் கையில் கொடுங்கள்: ஆட்டோ கன்சல்டிங்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்காரர்கள் அனைவருக்கும்,

கம்பெனி பாகத்தை மாற்றி வேலை செய்த வண்டிகளை விற்கும்போது அதில் என்னென்ன மாற்றியிருக்கிறது என்று இனி எழுதிக் கொடுப்பதில்லை, டெலிவரி நோட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தால் போதும் என்று உங்களில் சிலர் ஆவணி மாதம் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த வரி அச்சடித்த நோட்டு ஒன்றை என் நண்பர் கொண்டுவந்து காட்டினார். என் வண்டியில் செய்த மாற்றங்களின் பட்டியலை அதை வாங்கியவரிடம் ஏன் கொடுக்கவில்லை என்று நான் உங்களில் ஒருவர் கடைக்கு வந்து நியாயம் கேட்ட மூன்றாவது வாரத்தில் வந்த முடிவு இது. கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்றால், அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைவது தொழில். 2017-இல் ஃபோர்டு எண்டேவர் 3.2 புதிதாக எடுத்தேன். மறைமலை நகரில் செய்த வண்டி. ஐந்து சிலிண்டர், 3,198 சிசி டீசல், கம்பெனியிலிருந்து வரும்போதே 470 நியூட்டன் மீட்டர் இழுவை. அதன் மேல் நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாலரை லட்சம் ரூபாய்க்கு வேலை செய்தேன். வண்டியை உயர்த்தும் இரண்டு இன்ச் லிஃப்ட் கிட், 285 டயர், ஈ.சி.யு. ரீமேப் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), அந்த ரீமேப்பைத் தாங்குவதற்காகப் பெரிய இன்டர்கூலர் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர வைப்பது), அதற்கு அலுமினியக் குழாய், சிலிக்கோன் ஓஸ். இன்டர்கூலரைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டை என் பட்டறையில் நானே வெட்டித் துளை போட்டேன். கழற்றிய ஒவ்வொரு ஒரிஜினல் பாகத்தின் மேலும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ‘ஒரிஜினல்’ என்று எழுதி, அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். ரீமேப்புக்கு முன்னால் கம்பெனி போட்டிருந்த புரோகிராமையும் ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தூக்கிய வண்டியில் ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் 2025 வைகாசியில் வண்டியைக் கொடுத்துவிட்டுத் தாழ்வான கார் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களில் ஒருவரிடம் வந்தேன். அவர் பெயரையோ கடையையோ இங்கே நான் எழுதவில்லை. படிக்கும்போது அவருக்கே தெரியும்.

வரும்போது இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி எடுத்து வந்தேன். மொத்தம் பதினேழு மாற்றங்கள். எதை எப்போது போட்டது, எங்கே போட்டது, போட்டதால் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. டயரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டயர் 265/60 ஆர்18, நான் போட்டது 285/60 ஆர்18. விட்டத்தில் 24 மில்லிமீட்டர் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103-இல் போகும். அந்த டயரில் ஓடிய தூரத்திலும் நூறு கிலோமீட்டருக்கு மூன்றைக் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். ஆயில் மாற்றுவதற்கு மீட்டரை நம்பக்கூடாது என்று அதில் எழுதியிருந்தேன். ரீமேப் பற்றிய வரிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன்: ‘பெரிய இன்டர்கூலரைக் கழற்றினால் பென் டிரைவில் உள்ள ஒரிஜினல் புரோகிராமைக் கட்டாயம் திருப்பி ஏற்ற வேண்டும்.’

அவர் அந்தத் தாளை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னது இது: “ஏனுங்ணா, வேலை செஞ்ச வண்டிக்கு மார்க்கெட் இல்லீங். பார்ட்டி பயந்துக்குவாங்க. ஒண்ணரை கழிச்சுத்தான் போடோணும்.”

சரி, அது அவர் தொழில், அவருக்குத் தெரிந்த சந்தை. நான் கேட்டேன், பழைய பாகமெல்லாம் பெட்டியில் இருக்கிறது, இரண்டு நாள் கொடுங்கள், எல்லாவற்றையும் கழற்றி வண்டியைக் கம்பெனி நிலைக்கே கொண்டுவந்து தருகிறேன், அந்த ஒன்றரை லட்சத்தைக் கழிக்காதீர்கள் என்று. “வேண்டாங்ணா, இருக்கறபடியே இருக்கட்டும்” என்றார். அப்புறம் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டது, அதற்கும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றார். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் நடந்த கவுன்சில் கூட்டத்தில் 18 ஆக்கியது அதுவரை 12 சதவீதத்தில் இருந்த வண்டிகளுக்கு. 1,500 சிசிக்கு மேற்பட்ட எஸ்.யு.வி.க்கு 2018-லிருந்தே 18 சதவீதம்தான். அதுவும் வண்டியின் மொத்த விலைக்கு இல்லை, நீங்கள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் உள்ள லாபத்துக்கு மட்டும். என் வண்டிக்கு ஒரு பைசா வரி கூடவில்லை. வீட்டுக்குப் போய் ஆடிட்டரிடம் கேட்ட பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

15 லட்சத்து 60 ஆயிரத்துக்கு முடிந்தது. பெட்டி, பட்டியல், பென் டிரைவ் எல்லாவற்றையும் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “தேதி போடாதீங்ணா, நாங்க போட்டுக்கறோம்” என்றார்கள். போடாமல் கொடுத்தேன். அது என் தவறு. எல்லோரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

பத்து நாள் கழித்து அதே வண்டியின் விளம்பரத்தைப் பட்டறையில் ஒரு பையன் போனில் காட்டினான். ‘சிங்கிள் ஓனர். 5 லட்சத்துக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். பிக்கப் பறக்கும்.’ விலை 20 லட்சத்து 75 ஆயிரம். என்னிடம் வாங்கும்போது ஒன்றரை லட்சம் குறைக்கக் காரணமாக இருந்த அதே வேலை, இன்னொருவரிடம் விற்கும்போது ஐந்து லட்சம் கூட்டக் காரணமாகிவிட்டது. லாபம் வைக்காமல் தொழில் செய்ய முடியாது, அதை நான் கேட்கவில்லை. ஒரே பொருளைக் காலையில் குறை என்றும் மாலையில் நிறை என்றும் சொல்கிறவர், அந்தப் பொருள் என்ன என்பதையாவது வாங்குகிறவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு போன் வந்தது. திம்பம் மலையில் உங்கள் வண்டி நடு வளைவில் நிற்கிறது, பின்னால் லாரிகள் நிற்கின்றன, சீக்கிரம் ஏற்பாடு செய்யுங்கள் என்று ஒரு காவலர் பேசினார். வண்டியை விற்று இரண்டு மாதம் ஆயிற்று என்றேன். “ஆர்.சி. உங்க பேர்லதானுங்களே இருக்குது” என்றார்.

பட்டறை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அன்னூர், புளியம்பட்டி, சத்தி வழியாகப் போனேன். பண்ணாரி தாண்டி ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறிய பிறகு ஒரு வளைவின் உள்பக்கமாக வண்டி ஒதுங்கி நின்றது, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்திருந்தார்கள். வாங்கியவர் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர், முப்பது வயதுகூட இருக்காது. மனைவி, மாமியார், நாலு வயதுப் பெண் குழந்தை எல்லோரும் தடுப்புச் சுவர் ஓரம் நின்றிருந்தார்கள். மேலே ஏறும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை, ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவையே இல்லை, வண்டி பின்னால் வந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன் அண்ணா என்றார். பின்னால் ஒட்டினாற்போல் வந்துகொண்டிருந்தது லோடு லாரி. அந்த டிரைவர் சமயத்தில் நிறுத்தியதால்தான் இந்த மடலை நான் வேறு மாதிரி எழுத வேண்டி வரவில்லை.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். என் இன்டர்கூலர் இல்லை. அலுமினியக் குழாய் இல்லை. நான் வெட்டிய பிராக்கெட்டும் இல்லை. அந்த இடத்தில் பெட்டியில் இருந்த பழைய பாகங்கள் உட்கார்ந்திருந்தன. ரப்பர் ஓஸ் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் கட்டை விரல் நீளத்துக்குக் கிழிந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. கிழிசலுக்கு மேலே வெள்ளைப் பெயின்ட்டில் என் கையெழுத்து: ‘ஒரிஜினல்’.

முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். நான் கொடுத்த ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் பென் டிரைவ் அப்படியே இருந்தது. பட்டியல் இல்லை.

நடந்தது என்ன என்று வண்டி தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். அழுத்தும்போது காற்று சூடாகும். அதைக் குளிர வைப்பதுதான் இன்டர்கூலர். ரீமேப் செய்தால் காற்றழுத்தமும் கூடும், டீசலும் கூடும், சூடும் கூடும். அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கு எட்டு வருடப் பழைய ரப்பர் ஓஸ் தாங்காது. சமவெளியில் பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் ஓடினால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையில் அழுத்தி மிதிக்கும்போதுதான் கிழியும். ஓஸ் கிழிந்தால் டர்போ தள்ளும் காற்று வெளியே போய்விடும், டீசல் மட்டும் காற்றுக்கு மிஞ்சி உள்ளே போகும், அதுதான் அந்தக் கரும்புகை.

கழற்றி விற்றால் காசு வரும் பொருளைக் கழற்றிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத புரோகிராமை அப்படியே விட்டுவிட்டார்கள். ‘பிக்கப் பறக்கும்’ என்று சொல்லி விற்க அது தேவைப்பட்டது. அந்தத் தம்பியிடம் ரீமேப் என்ற வார்த்தையைக்கூட யாரும் சொல்லவில்லை. “சொல்லியிருந்தா கேட்டாவது தெரிஞ்சிருப்பேனுங்” என்றார். வண்டிக்கு வட்டிக்கு வாங்கிப் போட்டிருக்கிறார்.

இனி ஆர்.சி. விஷயம். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அன்று திம்பத்தில் வண்டி பின்னால் உருண்டு யாராவது போயிருந்தால், நான் பார்த்தே இராத ஒரு குடும்பத்துக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவு விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கச் சொல்கிறது. தேதி போடாத ஃபார்மை மேசை டிராயரில் வைத்திருப்பது எதற்காக என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பார்ட்டி கிடைக்கும்வரை உங்கள் பெயர் எங்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான்.

இதற்காகவே 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் விதி வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று எடுக்க வேண்டும். உரிமையாளர் வண்டியை உங்களிடம் ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு வண்டி உங்கள் பொறுப்பு. டெஸ்ட் டிரைவ், பெயின்ட் வேலை, சர்வீஸ் போன்றவற்றுக்குத் தவிர வெளியே ஓட்டக்கூடாது, ஓட்டிய ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் வைகாசியில் வந்தபோது இதில் ஒன்றைக்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் பங்கையும் மறைக்காமல் சொல்கிறேன். 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வந்தது. 2017 டிசம்பரில் புல் பார் (முன் பம்பரில் மாட்டும் கம்பித் தடுப்பு) கூடாது என்று அமைச்சகம் எழுதியதும் நான் அதைக் கழற்றினேன். மற்றவற்றைக் கழற்றவில்லை. நாலரை லட்சம் போட்ட ஆசை விடவில்லை. கார் ரேஸ் வீரர் கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிற ஊர் இது, இங்கே வண்டி மேல் பித்துப் பிடித்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. ஆனாலும் சோதனைச் சாவடியில் நின்று பதில் சொல்லப் போகிறவர், தான் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டாமா? இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் இருந்தால் கிளெய்ம் நின்றுபோகும் என்று தெரிய வேண்டாமா?

எங்கள் அப்பாரு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப் போவார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், என்ன விலை என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மாட்டின் குணம் மட்டும் துண்டுக்கு வெளியே, எல்லோர் காதிலும் விழும்படி பேசப்படும். இடது பக்கம் போனால் உதைக்கும், மழைச் சத்தத்துக்கு மிரளும், சுழி இந்த இடத்தில் இருக்கிறது என்று விற்கிறவரே சொல்லுவார். சொல்லாமல் விற்றுவிட்டால் அடுத்த வருடம் அதே சந்தையில் அந்த ஆளின் கயிற்றை யாரும் தொட மாட்டார்கள்.

உங்களில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். கோபியில் ஒருவர் என் மைத்துனருக்கு ஜீப் கொடுத்தபோது, கிளட்ச் மாற்றியது, ஸ்பிரிங் மாற்றியது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெயர் மாறிய பிறகுதான் மீதிப் பணமே வாங்கினார். அவருக்கு வியாபாரம் குறைந்துவிடவில்லை.

ஆடியிலேயே உங்கள் ஆளிடம் கிழிந்த ஓஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கேட்டேன். “உள்ளது உள்ளபடிதானுங்ணா எடுத்தாரு, நாங்க என்ன பண்றது” என்றார். உள்ளபடி என்றால் நான் கொடுத்தபடி. நான் கொடுத்தபோது இன்டர்கூலர் இருந்தது. பட்டியல் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அதை இப்போது எல்லோருக்குமாக அச்சடித்துவிட்டீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆவணியில் எடுத்த அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள், அந்த வரி அச்சடித்த நோட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். வேலை செய்த எந்த வண்டியை வாங்கினாலும் மாற்றப் பட்டியலை விற்பவரிடம் எழுதி வாங்குங்கள், அதையே உங்கள் கையெழுத்தோடு வாங்குபவரிடம் கொடுங்கள். நீங்கள் எதையாவது கழற்றினால் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். ரீமேப் செய்த வண்டியை ஒரிஜினல் புரோகிராம் ஏற்றாமல் விற்பனைக்கு நிறுத்தாதீர்கள். ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. திம்பத்தில் நின்ற மறு வாரமே நானே அந்தத் தம்பியின் வண்டிக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டேன். தேதி போடாத ஃபார்மில் கையெழுத்து வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அங்கீகாரச் சான்று இருப்பவர்கள் அதைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள், இல்லாதவர்கள் எடுங்கள், வண்டி கொடுக்க வருகிறவரிடம் ஃபார்ம் 29சி பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள்.

என் வண்டியை வாங்கி விற்றவரிடம் தனியாக ஒன்று. இதை எழுதும் இன்றுவரை ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் பெயர் மாற்றத்தை முடித்து, பாலிசியையும் அந்தப் பல்லடத்துத் தம்பியின் பெயருக்கு மாற்ற உதவி செய்யுங்கள். மலையிலிருந்து வண்டியை இறக்கிய ரெக்கவரி வாடகை, ஓஸ், கூலி எல்லாம் சேர்த்து அவருக்கு ஆன 23,400 ரூபாயைக் கொடுங்கள், பில் என்னிடம் இருக்கிறது. கழற்றி விற்ற இன்டர்கூலரின் விலை அவர் கொடுத்த 20 லட்சத்து 75 ஆயிரத்துக்குள் அடக்கம், அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். என் கையெழுத்தில் இருந்த அந்த இரண்டு பக்கப் பட்டியல் இன்னும் உங்கள் மேசையில் இருந்தால் அதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சொல்லுங்கள், நகல் என்னிடம் இருக்கிறது, நானே பல்லடம் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்